பத்தரை பவுண்டு படகு: நெஸ்மக் என்ற மனுஷனின் கதை

உயரம் 5 அடி 3 அங்குலம். எடை சுமார் 105 பவுண்டு, நம்ம கணக்கில் 48 கிலோவைத் தொடாது. வயசு 61. நெஞ்சில் காசநோய், கூடவே ஆஸ்துமா. பையில் காசும் பெருசா இல்லை.

இந்த டேட்டாவை மட்டும் கையில் கொடுத்து, இவரை ஏரியும் காடுமாக இருக்கிற ஒரு மலைப்பகுதியில் 266 மைல் தனியாக அனுப்பலாமா என்று கேட்டால், யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். 266 மைல் என்றால் 428 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிளம்பினால் திருச்சியைத் தாண்டிப் போயிடலாம்.

1883-ம் வருஷம் அந்த மனுஷன் போனார். முழுசாகத் திரும்பியும் வந்தார். அவர் போன படகின் எடை பத்தரை பவுண்டு, அதாவது 4.8 கிலோ. நம்மில் பாதிப்பேர் காலேஜுக்குத் தூக்கிட்டு வர்ற பையே லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்த்தால் அந்த எடையை நெருங்கும்.

அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். பத்திரிகைகளில் எழுதியது நெஸ்மக் என்ற புனைபெயரில். இன்னைக்கு அமெரிக்காவில் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு ரோட்டிலிருந்து பல மைல் உள்ளே போய், நாலஞ்சு நாள் காட்டிலேயே தங்கி வேட்டையாடுகிற கூட்டம் ஒண்ணு இருக்கு. வில்லுக்கு வீச்சு குறைவு. மான் கண்ணில் படாமல் ரொம்ப கிட்டே போயாகணும். முதுகில் மூட்டையை வைத்துக்கொண்டு மூச்சிரைக்க நடந்தால் அது நடக்காது. வேட்டை கிடைத்துவிட்டால் இறைச்சியையும் அதே முதுகில்தான் சுமக்கணும். அதனால் கிளம்பும் முன்னாடி தராசு வைத்து ஒவ்வொரு பொருளையும் நிறுப்பார்கள். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிகிறவர்கள்கூட உண்டு. நம்ம ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் குரங்கணிக்கோ குமாரபர்வதத்துக்கோ ட்ரெக்கிங் போறவங்களும் அதே தராசுக் கணக்கைத்தான் போடுகிறார்கள். இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டு, எல்லாருக்கும் புரியும்படி எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் நெஸ்மக். அவர் தூக்கியது வில் இல்லை, துப்பாக்கியும் தூண்டிலும். ஆனால் கணக்கு ஒண்ணுதான்.

மில்லில் இருந்து கடலுக்கு

1821 டிசம்பர் 2 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். மூத்த பிள்ளை என்றால் என்ன கதி என்று நம்ம வீடுகளில் தெரியும். எட்டு வயசு வாக்கிலேயே பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே ஏரி, காடு. உள்ளே தறிச் சத்தம், பஞ்சுத் தூசி. பையன் சமயம் கிடைத்தால் ஓடிப்போவான்.

ஓடிப்போன இடம் பக்கத்திலிருந்த பூர்வகுடி மக்களின் குடியிருப்பு. அங்கே ஒரு இளைஞர் இந்தப் பையனைத் தன்னோடு காட்டுக்கு அழைத்துப் போனார். மீன் பிடிப்பது, தடம் பார்ப்பது, நெருப்பு மூட்டுவது, சத்தம் போடாமல் நடப்பது எல்லாம் அவரிடம் கற்றது. அவர் பெயர்தான் நெஸ்மக். அவர்கள் மொழியில் காட்டு ஆண் வாத்து என்று பொருள். பல வருஷம் கழித்து எழுத ஆரம்பித்தபோது, தனக்குக் காட்டைக் காட்டின அந்த மனுஷனின் பெயரையே சியர்ஸ் தன் பெயராக வைத்துக்கொண்டார். குருதட்சிணை என்று வைத்துக்கொள்ளலாம்.

12 வயசில் கேப் காட் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை. 19 வயசில் மூணு வருஷப் பயணமாகத் தெற்கு பசிபிக் நோக்கிப் போன திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். அது 1841. அதே வருஷம் இன்னொரு இளைஞரும் திமிங்கிலக் கப்பல் ஏறினார். அவர் ஹெர்மன் மெல்வில், பின்னால் மோபி டிக் எழுதியவர். இரண்டு பேருமே கடலை விட்டு வந்து எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒருவர் கடலைப் பற்றி எழுதினார், இன்னொருவர் காட்டைப் பற்றி.

1848-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் வெல்ஸ்பரோ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். சாகும்வரை அதுதான் ஊர். தொழில் செருப்பு, பூட்ஸ் தைப்பது. நடுநடுவே உள்ளூர்ப் பத்திரிகையில் எழுத்து வேலை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்து உருப்படியாகச் சம்பாதித்தார் என்று சொல்ல முடியாது. மிச்சிகனில் ஒரு தடவை சாகினா விரிகுடாப் பக்கமிருந்து மஸ்கீகன் ஆற்றுப் பக்கம்வரை பத்து நாள் தன்னந்தனியாகக் காட்டைக் கடந்து நடந்தார். 1867-லும் 1870-லும் பிரேசிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பணம் இருந்ததில்லை. அவர் காட்டில் இருந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டது மனைவிதான். அவருடைய சுதந்திரத்துக்கான விலையில் ஒரு பங்கை அந்தக் குடும்பமும் கொடுத்தது. வீரக்கதையாகச் சொல்லும்போது இதை விட்டுவிட்டால் நியாயம் இல்லை.

அதோடு உடம்பும் விட்டுப்போக ஆரம்பித்தது. காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. அந்தக் கிருமியையே ராபர்ட் காக் 1882-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார். டாக்டர்கள் சொன்னதெல்லாம் நல்ல காற்று, வெயில், ஓய்வு. நெஸ்மக்கும் அதைத்தான் தேடினார். காட்டுக்குள்ளே போனால் மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. ஆனால் காட்டுக்குள்ளே போவதற்கு மூட்டை தூக்க வேண்டும். மூட்டை தூக்கினால் மூச்சு போய்விடும். அவர் வாழ்க்கையின் கடைசிப் பத்து வருஷம் முழுக்க இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் போயிற்று.

அடிராண்டாக்: பணக்காரர்களின் காடு

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிராண்டாக் மலைப்பகுதி. ஆயிரக்கணக்கில் ஏரிகள், அவற்றை இணைக்கும் ஓடைகள், நடுவே காடு. 1869-ல் வில்லியம் முர்ரே என்ற பாதிரியார் அந்தக் காட்டைப் பற்றி ஒரு புத்தகம் போட, நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். ஹோட்டல்கள் முளைத்தன.

அங்கே பயணம் எப்படி என்றால், ஒரு ஏரியைப் படகில் கடப்பது, பிறகு படகைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவது. வருகிற பணக்காரர் ஒரு உள்ளூர் வழிகாட்டியை நாள்கூலிக்கு வைத்துக்கொள்வார். துடுப்பு போடுவது, சமைப்பது, படகைத் தலையில் தூக்குவது எல்லாம் வழிகாட்டி வேலை. துரை பின்னால் உட்கார்ந்து வருவார். அந்த வழிகாட்டிப் படகுகள் 60, 70 பவுண்டு இருப்பது சாதாரணம். அதுவே அந்தக் காலத்துக்கு நல்ல டிசைன்தான், பலசாலி ஒருவர் தூக்கலாம். ஆனால் 105 பவுண்டு எடையுள்ள நோயாளி 70 பவுண்டைத் தூக்குவது என்பது நடக்கிற காரியம் இல்லை. வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கவும் ஒரு செருப்புத் தைப்பவருக்குக் கட்டுப்படி ஆகாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே 1 கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொள்வோம். படகு, பை எல்லாத்தையும் ஒரே தடவையில் தூக்க முடிந்தால் நடை 1 கிலோமீட்டர். இரண்டு தடவையாகத் தூக்க வேண்டியிருந்தால், போய், திரும்பி வந்து, மறுபடி போய், மொத்தம் 3 கிலோமீட்டர். மூணு தடவை என்றால் 5. மூட்டை இரண்டு மடங்கானால் நடை இரண்டு மடங்கு ஆவதில்லை, மூணு மடங்கு ஆகிறது. ஒரே தடவை என்ற கோட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் மொத்த விளையாட்டும். அந்தக் கோடு ஒவ்வொரு உடம்புக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும். நெஸ்மக்குக்கு அது ரொம்பக் கீழே இருந்தது.

இன்ஜினியர் உள்ளே வருகிறார்

கேன்டன் என்ற ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் என்று ஒரு படகு கட்டுகிறவர் இருந்தார். காலேஜில் படித்தவர் இல்லை, பட்டறையில் கற்றவர். அவரும் குள்ளமான, ஒல்லியான ஆள்தான். நெஸ்மக் அவருக்குக் கடிதம் எழுதி, தன் எடை, உயரம், தேவை எல்லாவற்றையும் சொல்லி, தனக்கு ஏற்ற லேசான படகு ஒண்ணு கட்டித்தரக் கேட்டார்.

நம்ம பாஷையில் சொன்னால் இது கஸ்டமரின் ஸ்பெசிஃபிகேஷன். இதில் ஒரு அழகு இருக்கு. அதுவரை படகு கட்டுகிறவர்கள் சராசரி ஆள், சராசரி மூட்டை, அதுக்கு மேலே ஒரு பாதுகாப்பு என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நெஸ்மக்கோ சராசரி ஆள் இல்லை. ஆர்க்கிமிடிஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். ஆள் 48 கிலோ, படகும் சாமானும் சேர்ந்து ஏறக்குறைய 12 கிலோ. மொத்தம் 60 கிலோ. அப்படியென்றால் படகு 60 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும், மிதக்கும். 60 லிட்டர் என்பது நம்ம வீட்டுக் குடத்தில் நாலு குடம் தண்ணி. அதுக்கு எதுக்கு 16 அடிப் படகு? எந்த உடம்பு அவருக்குப் பிரச்சினையாக இருந்ததோ, அதே உடம்பு படகைச் சின்னதாக்க வழியும் கொடுத்தது.

1880-ல் முதல் படகு வந்தது. நீளம் 10 அடி, எடை 17 பவுண்டு 13¾ அவுன்ஸ், சுமார் 8.1 கிலோ. அந்த முக்கால் அவுன்ஸைக்கூட விடாமல் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நெஸ்மக் அதில் அடிராண்டாக் ஏரிகளைச் சுற்றினார். 1881-ல் இரண்டாவது, 16 பவுண்டு, பெயர் சூசன் நிப்பர். அந்தப் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ் நாவலில் வரும் ஒரு பாத்திரத்துடையது. பிறகு மூணாவது. 9 அடி நீளம், 26 அங்குல அகலம், பத்தரை பவுண்டு.

முதல் படகிலிருந்து மூணாவதுக்கு வரும்போது எடை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைஞ்சிருக்கு. கார்பன் ஃபைபர் கிடையாது, அலுமினியம் கிடையாது, சிமுலேஷன் கிடையாது. மெல்லிசாக இழைத்த சிடார் பலகைகள், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்காரும்படி அடுக்கி அறைந்தது. உள்ளே கனமான நாலைந்து விலா எலும்புகளுக்குப் பதிலாக மெல்லிய குட்டி விலாக்களை நெருக்கி நெருக்கி வைத்தது. சுமையைச் சில இடங்களில் குவிக்காமல் பல இடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. பலகை மேல் பலகை ஏறுகிற அந்த இணைப்புக் கோடே நீளவாக்கில் ஒரு விறைப்பைத் தந்துவிடும், தனியாகக் கட்டை வைக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் நாம் எழுதி மறந்துபோகிற விஷயத்தை அந்தப் பட்டறைக்காரர் கையால் செய்தார்.

மூணாவது படகுக்கு நெஸ்மக் வைத்த பெயர் செய்ரி கேம்ப். இதுவும் டிக்கன்ஸின் பாத்திரம்தான், மார்ட்டின் சசில்விட் நாவலில் வரும் குடிகார நர்ஸ். அந்தம்மா தண்ணியே குடிக்க மாட்டாள், சரக்கு மட்டும்தான். தன் படகும் தண்ணி உள்ளே எடுக்காமல் இருக்கட்டும் என்று அந்தப் பெயர்! ரஷ்டனும் சளைத்தவர் இல்லை. இதுக்கு மேல் சின்னதாகக் கேட்காதீர்கள், இது படகாகச் சலித்துவிட்டால் சூப் கிண்ணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பாணியில் பதில் அனுப்பினார். நெஸ்மக்கோ, எவ்வளவு லேசான படகு கடைசியில் தன்னை மூழ்கடிக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்று கிண்டலாக எழுதிக்கொண்டிருந்தார். நோயாளியின் பேச்சு மாதிரியா இருக்கு?

பைக்குள் என்ன இருந்தது

1884-ல் உட்கிராஃப்ட் என்ற புத்தகம் வந்தது. வெளியிட்டது ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம் என்ற வாரப்பத்திரிகைக்காரர்கள். நெஸ்மக்கின் பயணக் கடிதங்களைப் போட்டுவந்ததும் அவர்கள்தான். அந்தப் புத்தகத்தில் தன் மொத்தச் சுமையையும் கணக்குக் கொடுக்கிறார். படகு, மாற்று உடை, கம்பளிப் பை, இரண்டு நாள் சாப்பாடு, கைக்கோடரி, தூண்டில், முதுகுப்பை எல்லாம் சேர்த்து 26 பவுண்டைத் தாண்டியதில்லை. 11.8 கிலோ. படகையும் சேர்த்து!

எப்படிக் குறைத்தார் என்பதுதான் படிக்க வேண்டிய இடம்.

முதலில் கோடரி. கடையில் கிடைத்த கைக்கோடரிகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒண்ணு, கனம். இல்லாவிட்டால் மொக்கை. கடைசியில் ராசெஸ்டரில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்கிற ஒருவரிடம் போய்ச் சொல்லிச் செய்தார். இரண்டு பக்கமும் வாய் உள்ள குட்டிக் கோடரி. ஒரு வாய் மெல்லிசு, சுத்தமான மரத்தை வெட்ட. இன்னொரு வாய் தடிப்பு, கணுவும் எலும்பும் வெட்ட. இரண்டு கருவியின் வேலை, ஒரு கருவியின் எடை.

கத்தி விஷயத்திலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் இடுப்பில் பெரிய தடித்த கத்தி மாட்டிக்கொண்டு வருவது ஸ்டைல். நெஸ்மக்குக்கு அதைக் கண்டால் சிரிப்பு. அந்தக் கத்தியால் ரொட்டி வெட்ட முடியாது, மீன் சீவ முடியாது, தோல் உரிக்கவும் சரிப்படாது. அவர் வைத்திருந்தது மெல்லிய அலகுள்ள சாதாரணக் கத்தியும் இரண்டு அலகுள்ள ஒரு மடக்குக் கத்தியும். சமையலறையில் அம்மா எந்தக் கத்தியைக் கையில் எடுக்கிறார்களோ, காட்டிலும் அதுதான் வேலைக்கு ஆகும்.

பாத்திரம் ஐந்து. எல்லாம் தகரம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், நம்ம ஊர் அடுக்குப் பாத்திரம் மாதிரி. மொத்தம் 2 பவுண்டு. தட்டு, கிண்ணம், டீப் பானை, வாணலி எல்லா வேலைக்கும் அதுதான். குச்சியை வெட்டிக் கைப்பிடியாகச் செருகிக்கொள்ளலாம். கைப்பிடியை ஊரிலிருந்து சுமந்து வருவானேன், காடு முழுக்கக் குச்சிதானே.

கூடாரத்துக்குப் பதில் லேசான துணி. அது தண்ணீர் உறிஞ்சாமல் இருக்கச் சுண்ணாம்பும் படிகாரமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார். பின்பக்கம் சரிவாக, முன்பக்கம் திறந்து கட்டுவது. எதிரே நெருப்பு. நெருப்புக்குப் பின்னால் பச்சைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் போல நிறுத்துவார். சுவரில் பட்ட வெப்பம் திரும்பி வரும், சரிந்த துணியில் பட்டு மறுபடி கீழே படுத்திருப்பவர் மேல் இறங்கும். கதிர்வீச்சு வெப்பத்தை இரண்டு தடவை பயன்படுத்துவது. இதனால் கனமான கம்பளிகள் மிச்சம். பெரிய நெருப்பை மூட்டிவிட்டு, ஒரு பக்கம் வேக, மறுபக்கம் நடுங்க உட்கார்ந்திருக்கிறவர்களை அவர் செமையாக ஓட்டியிருக்கிறார்.

கொசுவுக்கும் காட்டுப்பூச்சிக்கும் ஒரு மருந்து. பைன் மரத் தார் 3 பங்கு, விளக்கெண்ணெய் 2 பங்கு, பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெய் 1 பங்கு. காய்ச்சிப் பூசிக்கொண்டு, வாரக்கணக்கில் கழுவாமல் இருக்க வேண்டும். முகத்தில் அது வார்னிஷ் மாதிரி படிந்துவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் பூச்சி கிட்டே வராது. விளக்கெண்ணெய் என்றதும் பாட்டி ஞாபகம் வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

இவற்றில் எதுவும் விலை உயர்ந்த சரக்கு இல்லை என்பதைக் கவனிக்கணும். இன்னைக்கு அல்ட்ராலைட் என்ற வார்த்தை ஒட்டினாலே விலை மூணு மடங்கு. நெஸ்மக் குறைத்தது பொருளின் எண்ணிக்கையை. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது எத்தனை வேலை செய்யும், இதைக் காட்டிலேயே செய்துகொள்ள முடியுமா, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூணு கேள்விக்குப் பதில் தேடினார். அந்த மூணிலும் தேறியது பைக்குள் போகும்.

இன்னொன்றும் சொல்லணும். லேசாகப் போவது என்றால் கஷ்டப்படுவது என்று அவர் நினைக்கவே இல்லை. ஊரில் வேலை, கடன், புகை, நோய் என்று படுகிற பாடே போதும், காட்டுக்கு வந்தும் ஏன் பாடுபட வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல படுக்கை வேணும், சூடான டீ வேணும், ராத்திரி கதகதப்பு வேணும். அதை மூட்டையிலிருந்து எடுக்காமல் கைத்திறமையிலிருந்து எடுக்கணும். அறிவுக்கு எடை கிடையாது.

266 மைல்

1883 கோடையில் செய்ரி கேம்ப் தண்ணீரில் இறங்கியது. ஃபுல்டன் செயின் என்ற ஏரிகளின் தொடர் வழியாக ராக்கெட் ஏரி, வடக்கே பால் ஸ்மித் ஹோட்டல் வரை போய், மறுபடி திரும்பி வருகிற பாதை. இரண்டு பக்கமும் அலகுள்ள லேசான துடுப்பு. படகின் அடித்தளத்திலேயே உட்கார்ந்து போகணும், எழுந்து நின்றால் கதை முடிந்தது. 9 அடிப் படகில் ஒரு அகலமான ஏரியைக் காற்றடிக்கும்போது கடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அலையைப் பார்த்துப் படகைத் திருப்ப, திமிங்கிலக் கப்பலில் கற்ற கடல் பழக்கம் கைகொடுத்தது.

எல்லா ராத்திரியும் காட்டிலேயே படுத்தார் என்று கதை விட வேண்டாம். வழியில் இருந்த விடுதிகளிலும் தங்கினார். உடம்பு அப்படி. ஆனால் எந்த ராத்திரி வேண்டுமானாலும் வெளியே தங்குவதற்குத் தயாராகத்தான் போனார். விடுதிகளில் பட்டணத்துப் பெரிய மனிதர்கள், வழிகாட்டிகள், ஒவ்வொருத்தரும் அந்தப் படகைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கையில் தூக்கும் படகை அவர்கள் பார்த்ததே இல்லை.

அந்த இலையுதிர் காலத்துக்குள் பத்திரிகையில் வந்த கடிதங்களைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. நோயாளிக் கிழவர் ஒருவர், ஆள் வைக்காமல், தன் படகைத் தானே தூக்கிக்கொண்டு போய்வர முடிகிறது. அப்படியானால் குமாஸ்தாவும் மெக்கானிக்கும் பள்ளிக்கூட வாத்தியாரும் போகலாம். காட்டுக்குள் போவதற்குத் துரையாக இருக்க வேண்டியதில்லை. ரஷ்டனிடம் லேசான படகுக்கு ஆர்டர்கள் வந்தன. தன் கேட்லாகில் நெஸ்மக் பெயரிலேயே ஒரு மாடல் போட்டார். நெஸ்மக்குக்கு மட்டும் மொத்தம் ஐந்து படகுகள் கட்டிக்கொடுத்தார்.

வெட்டப்பட்ட காடு

வெல்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் பைன் க்ரீக் என்ற ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. நெஸ்மக் இளவயசில் பார்த்தபோது அது முழுக்கப் பெரிய மரங்கள். அவர் கண்முன்னே மரக்கம்பெனிகள் வந்தன, தோல் பதனிடும் ஆலைகள் வந்தன, பட்டை உரிக்கப்பட்ட மரங்கள் சாய்ந்தன, கழிவு ஆற்றில் கலந்தது, மீன் போயிற்று. அதே 1883-ல், செய்ரி கேம்ப் அடிராண்டாக்கில் மிதந்துகொண்டிருந்த வருஷம், பைன் க்ரீக் பள்ளத்தாக்கு வழியாக ரயில் பாதையும் திறந்தார்கள்.

அவர் இதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். வேட்டைக்காரராக இருந்தும், மிருகங்களை வகைதொகையில்லாமல் கொன்று குவிப்பதையும் காட்டை மொட்டையடிப்பதையும் அவரால் சகிக்க முடியவில்லை. அன்று கேட்டவர்கள் குறைவு. பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோல் கழிவு ஒரு ஆற்றை என்ன செய்யும் என்று வாணியம்பாடிப் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

1887-ல் அவருடைய கவிதைகள் தொகுப்பாக வந்தன. நோய் முற்றிக்கொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து புளோரிடாப் பக்கமும் போய்ப் பார்த்தார். அங்கேயும் ரஷ்டன் கட்டிய ஒரு குட்டிப் படகுதான். ஆனால் காசநோய் லேசான மூட்டையைப் பார்த்து இரக்கப்படுகிற நோய் இல்லை. 1890 மே 1 அன்று வெல்ஸ்பரோவில் இறந்தார். வயசு 68.

மிஞ்சியது

உட்கிராஃப்ட் இன்னைக்கும் அச்சில் கிடைக்கிறது. 1963-ல் டோவர் பதிப்பகம் மறுபதிப்பு போட்டதிலிருந்து புதுத் தலைமுறைகள் அதைப் படித்து வருகின்றன. அதில் உள்ள எல்லாமும் இன்றைக்குச் சரி என்று இல்லை. படுக்கைக்குக் கிளை வெட்டுவது, நெருப்புச் சுவருக்குப் பச்சை மரம் சாய்ப்பது எல்லாம் ஆயிரம் பேர் போகிற காட்டில் ஆகாது. தார் பூசிக்கொள்ளவும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வில்லோடு மலை ஏறுகிறவரும் கேமராவோடு ஏறுகிறவரும், பையைக் கட்டும் முன்னாடி எல்லாப் பொருளையும் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்களே, அந்தப் பழக்கத்தில் அவர் இருக்கிறார்.

பைன் க்ரீக் பள்ளத்தாக்கில் மரங்கள் மறுபடி வளர்ந்துவிட்டன. ரயில் நின்றுபோய், அந்தப் பாதை இப்போது சைக்கிளும் நடையும் போகிற தடமாக இருக்கு. பென்சில்வேனியாவில் ஒரு மலைக்கு அவர் பெயர். செய்ரி கேம்ப் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சொத்து. அடிராண்டாக்கில் ப்ளூ மவுண்டன் ஏரிக் கரையில் இருக்கும் மியூசியத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். 140 வருஷத்துக்கு முந்தின சிடார் பலகை, மெல்லிசுதான், இன்னும் உடையவில்லை. அடுத்த செமஸ்டர் லீவில் எங்காவது மலைக்குக் கிளம்புகிற நம்ம பசங்க, பையை ஒரு தடவை மெஸ் தராசில் வைத்துப் பாருங்க. 11.8 கிலோவைத் தாண்டினால், நெஸ்மக் அதே எடைக்குள்ள ஒரு படகையும் சேர்த்துத் தூக்கினார் என்பதை ஞாபகம் வச்சுக்கிட்டு, எதையாவது ஒண்ணை ரூமிலேயே விட்டுட்டுப் போங்க.